உயிரிப் பாதுகாப்பு மேற்படிப்பு: கடன் வாங்கி நியூசிலாந்து போவதா, இங்கேயே பூச்சியியல் எடுப்பதா?

கேள்வி – மரவள்ளிக்காரி – 3 ஜூன் 2024

பி.எஸ்சி. வேளாண்மை கடைசி வருடம், ராசிபுரம் பக்கம். அயல் ஊடுருவல் இனங்கள் (வெளியிலிருந்து வந்து இங்கே மண்டும் பூச்சி, களை), உயிரிப் பாதுகாப்பு (அவற்றை வராமல் தடுப்பது, வந்தால் அடக்குவது) பற்றி முதுகலை படிக்க ஆசை. நியூசிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது. கடன் வாங்கித்தான் போகணும். கல்லூரியில் ஒரு சார், "அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்தியாவில் ஒரு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது, பூச்சியியலே எடு" என்கிறார். அப்பா, "பூச்சி பிடிக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா சாமி?" என்கிறார். எங்கள் மரவள்ளிக் காடு மாவுப்பூச்சியால் அழிந்துபோனதைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. இதைப் படித்தவர் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

நான் இரண்டையும் படித்தவள். கோவையில் எம்.எஸ்சி. பூச்சியியல், பிறகு சில வருடம் ஒட்டுண்ணி (கெட்ட பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவி) வளர்ப்புக் கூடத்தில் வேலை, அதற்கப்புறம் நியூசிலாந்தில் நீங்கள் சொல்லும் இதே படிப்பு. இப்போது சேலம், நாமக்கல் பக்கம் விவசாயிகளோடு வேலை.

உங்கள் சார் சொல்வதில் பாதி சரி. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இருக்கும் பிளான்ட் குவாரன்டைன் (வந்திறங்கும் செடி, விதையில் பூச்சி, நோய் இருக்கிறதா என்று பார்ப்பது) வேலைகளுக்கு மத்திய அரசு ஆள் எடுக்கும்போது தகுதியாகக் கேட்பது பூச்சியியல், தாவர நோயியல் போன்ற பழைய பெயர்களைத்தான். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அது இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தகுதிச் சான்று வாங்க அலைவது தனி.

மீதிப் பாதியை ஏற்க மாட்டேன். அந்தப் பெயரில் வேலை இல்லை என்பதால் அந்த அறிவுக்கு வேலை இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் அப்பாவின் காட்டில் நடந்ததே அதற்குச் சாட்சி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

4 ஜூன்

பப்பாளி மாவுப்பூச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தப் படிப்பு எதற்கு என்பதை எனக்குப் புரிய வைத்தது அதுதான்.

அறிவியல் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா அதன் பூர்வீகம். 1990களில் கரீபியன் தீவுகளில் பரவி, பிறகு பசிபிக் தீவுகளுக்குப் போய், 2008இல் கோவையில் பப்பாளி மரங்களில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, தேக்கு, காட்டாமணக்கு, வேலியோரப் பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. நான் எம்.எஸ்சி. சேர்ந்த சமயம் மல்பெரித் தோட்டங்களெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தன. மல்பெரிக்காரர் பாடு மற்றவர்களைவிட மோசம். இலையில் மருந்து அடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் இலையே மிஞ்சாது.

மற்றவர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடித்தார்கள். மாவுப்பூச்சியின் மேல் இருக்கும் மெழுகைத் தாண்டி மருந்து உள்ளே போவது கஷ்டம். முட்டைப் பைக்குள் அது சுத்தமாகப் போகாது. செத்ததெல்லாம் பொறிவண்டும் சிலந்தியும்தான். கடைக்காரர் அடுத்த வாரம் அதைவிட விலை கூடிய டப்பாவை எடுத்துக் கொடுப்பார்.

இது என்ன பூச்சி என்று சரியாகப் பெயர் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆர். முனியப்பனும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் இது வந்துவிட்டதை 2008இலேயே அறிவித்தார்கள். பெயர் தெரிந்ததும் சொந்த ஊர் தெரிந்தது. அந்த ஊரில் எது இதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பதை வேறு சிலர் ஏற்கெனவே கண்டுபிடித்து, கரீபியனில் விட்டு, வெற்றியும் கண்டிருந்தார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு வந்தன. அங்கே வெளியே தப்பிவிடாதபடி மூடிய அடைப்புக் கூடத்தில் சோதனை முடித்து, அந்த வருடக் கடைசியிலேயே தமிழ்நாட்டு வயல்களில் விட ஆரம்பித்தார்கள். மூன்றில் நன்றாக நிலைகொண்டது அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

அதை வளர்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். இருட்டறையில் உருளைக்கிழங்கை முளைகட்ட வைக்கணும். முளையில் மாவுப்பூச்சியை விட்டுப் பெருக்கணும். இரண்டாம் நிலைக் குஞ்சுகள் வரும் நேரம் பார்த்துக் குளவியை விடணும், அதற்கு அந்தப் பருவம்தான் பிடிக்கும். குளவி முட்டையிட்ட குஞ்சு உப்பிக் கூடு மாதிரி கெட்டியாகும், அதிலிருந்து அடுத்த தலைமுறைக் குளவி ஓட்டை போட்டு வெளியே வரும். கிழங்கு அழுகினால் அந்த அறையே போச்சு. எறும்பு நுழைந்தாலும் அதே கதிதான். வயலிலும் எறும்புதான் எதிரி: மாவுப்பூச்சி சுரக்கும் தேனுக்காக அது குளவியை விரட்டும். ஒட்டுண்ணியை விடுவதற்கு முன் எறும்பைக் கவனியுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

சில மாதங்களில் மல்பெரி பச்சையானது. அதை நேரில் பார்த்தவள் நான்.

4 ஜூன், இரவு

காலையில் எழுதியதில் ஒன்றை விளக்கணும். 2008இல் பூச்சியைப் பார்த்தோம், 2010இல்தான் ஒட்டுண்ணி வந்தது என்றதும், "இடையில் இரண்டு வருடம் என்ன செய்தார்கள்?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கோபம் நியாயம்தான், எனக்கும் அப்போது இருந்தது. ஆனால் உயிருள்ள பூச்சியை இன்னொரு நாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி வாங்கணும். வந்த பிறகு அது வேறு எதையாவது தாக்குமா, அதோடு அதன் சொந்த ஒட்டுண்ணியும் ஒளிந்து வந்துவிட்டதா என்று மூடிய கூடத்தில் பார்க்கணும். இதைத் தாண்டிக் குதித்தவர்கள் இருக்கிறார்கள். கரும்பு வண்டைத் தின்னும் என்று 1935இல் ஆஸ்திரேலியாவில் தேரையை விட்டார்கள். அது வண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்று இன்று கண்டத்தின் வடக்கு முழுக்கப் பரவி நிற்கிறது. ஒரே ஒரு இனத்தை மட்டும் நம்பி வாழும் குளவிக்கும், வாயில் நுழைவதையெல்லாம் விழுங்கும் தேரைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சோதனைகளின் அடிப்படை.

5 ஜூன்

"ஒரு பூச்சியை அடக்க இன்னொரு பூச்சியா? வெள்ளைக்காரன் சொன்ன வழி நமக்கு எதற்கு?" என்று கேட்டவருக்கு.

இந்த முறையின் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று நம் ஊரில் நடந்தது. சிவப்புச் சாயம் எடுக்கும் காச்சினீல் பூச்சி என்று நினைத்து 1795இல் பிரேசிலிலிருந்து வேறொரு இனத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் காடு காடாக மண்டியிருந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சித் தீர்த்தது. அதைக் கவனித்தவர்கள், பிறகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதை எடுத்துப்போய் விட்டார்கள். இன்னொரு வகைக் கள்ளியை அது தொடவே இல்லை. அதற்கு 1926இல் இலங்கையிலிருந்து காச்சினீலில் வேறு இனம் ஒன்று வந்தது. நம் தாத்தா காலத்து ஆட்கள் கள்ளி தானாகவே செத்தது என்பார்கள். தானாகச் சாகவில்லை.

பூச்சியிலும் இனம் மாறினால் பலன் மாறும், கள்ளியிலும் இனம் மாறினால் பலன் மாறும். இதை மனதில் வையுங்கள், வகைப்பாட்டியல் (இது எந்த இனம் என்று பிரித்துப் பெயர் சொல்லும் துறை) பற்றி எழுதும்போது திரும்ப வருவேன்.

6 ஜூன்

மரவள்ளிக்காரி தனிச்செய்தியில், பாடமாக என்னதான் நடத்துவார்கள் என்று கேட்டிருக்கிறார். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: இந்த உயிரினம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இன்னும் வரவில்லை என்றால் வராமல் தடுப்பது. வந்து ஒரு மூலையில் இருக்கிறது என்றால் வேரோடு அழிப்பது. கொஞ்சம் பரவிவிட்டது என்றால் எல்லை கட்டி நிறுத்துவது. எங்கும் பரவிவிட்டது என்றால் சேதத்தைக் குறைத்து அதோடு வாழ்வது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் செலவு பல மடங்காகும், ஜெயிக்கும் வாய்ப்பு சுருங்கும். கலிஃபோர்னியாவில் களை ஒழிப்பு முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2002இல் எழுதியது இது: 1 ஹெக்டேருக்குள் இருக்கும்போது கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். 100 ஹெக்டேர் வரை என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் வெற்றி. 1,000 ஹெக்டேர் வரை நாலில் ஒன்று. அதற்கு மேல் முழுசாக ஒழிப்பது அநேகமாக நடக்காது.

1 ஹெக்டேர் என்பது வெறும் இரண்டரை ஏக்கர்! ஒரு குடியானவர் தன் காட்டு மூலையில் தெரியாத செடியைப் பார்த்து யாரிடமாவது சொல்கிறாரா, சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதுதான் மொத்த விஷயமும்.

இதை நம் சீமைக் கருவேலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 2017இல் மதுரைக் கிளை நீதிமன்ற உத்தரவுக்குப் பின் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது ஞாபகம் இருக்கும். தரைமட்டமாக வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி கிளைக்கும். வேரோடு தோண்டினாலும் மண்ணில் விதை இருக்கும். காயைத் தின்ற ஆடும் மாடும் சாணத்தோடு விதையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும். இவ்வளவு பரப்பில் பரவிய மரத்தை "முற்றிலும் ஒழிப்போம்" என்று சொல்வது அந்தக் கணக்கைப் பார்க்காமல் பேசுவது. எந்தக் கண்மாய், எந்த வாய்க்கால், எந்தப் பறவைச் சரணாலயம் முதலில் என்று வரிசை போட்டு, சுத்தம் செய்த இடத்தில் என்ன நடுவது, அடுத்த ஐந்து வருடம் யார் கண்காணிப்பது என்று எழுதி வைத்துக்கொண்டு இறங்குவதுதான் மேலாண்மை. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்காகத் தனிக் கொள்கை கொண்டுவந்ததை இந்தத் திசையில் நல்ல அடியாகவே பார்க்கிறேன்.

7 ஜூன்

ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் நேற்றைய பதிவுக்கு எழுதிய பதில் எல்லோரும் படிக்க வேண்டியது. "எங்க ஊர்ல கரிமூட்டம் போட்டுத்தான் அடுப்பு எரியுது. மரத்தை எடுத்துட்டு எங்களுக்கு என்ன குடுப்பீங்க?"

அண்ணே, இந்தக் கேள்வியை எம்.எஸ்சி.யில் ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை. நியூசிலாந்து போன பிறகுதான் இதுவும் பாடம் என்று தெரிந்தது. நியூசிலாந்தில் காட்டில் எலியையும் போசம் என்ற விலங்கையும் கொல்ல 1080 என்ற விஷத்தை ஹெலிகாப்டரிலிருந்து தூவுகிறார்கள். நாட்டுப் பறவைகளைக் காப்பாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதை எதிர்த்துத் தெருவில் இறங்குபவர்களும் உண்டு: வேட்டைக்காரர்கள், நாய் வளர்ப்பவர்கள், தங்கள் நிலத்தில் தங்களைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது என்னும் மாவோரிக் குடும்பங்கள். இரண்டு தரப்பையும் கூட்டி வைத்துப் பேசுவது எப்படி என்பதற்கு ஒரு பாடம் முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அதில்தான் மதிப்பெண் குறைவு, அதிகம் கற்றதும் அதில்தான்.

கரிமூட்டத்தை நம்பியிருப்பவர்களைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் ராமநாதபுரத்தில் நிற்காது. வெட்டும் வேலையையும் விற்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்து, பகுதி பகுதியாக நாட்டு மரத்துக்கு மாற்றுவது நடக்கக்கூடிய வழி என்று நினைக்கிறேன். முதுமலைப் பக்கம் அயல் களையான உண்ணிச்செடியின் குச்சியில் யானைச் சிற்பங்கள் செய்து பழங்குடி மக்கள் வருமானம் பார்க்கிறார்கள். அதே போல மண்டிய மஞ்சள் கொன்றை மரத்தைக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். இதிலும் ஒரு ஆபத்து உண்டு. ஒரு களைக்கு நல்ல சந்தை பிடித்துவிட்டால், அது தீர்ந்துபோவதை யாரும் விரும்ப மாட்டார்கள். அதனால் கொள்முதல் ஒப்பந்தம் போடும்போதே முடிவுத் தேதியும் நடவுப் பொறுப்பும் அதில் இருக்கணும்.

9 ஜூன்

சரி, நியூசிலாந்துக்கு வருவோம். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நான் படித்தது கிறைஸ்ட்சர்ச் பக்கத்து லிங்கன் என்ற சின்ன ஊர். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே பயிர், கால்நடை, நிலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாம் இருந்தன. களைகளைத் தின்ன வெளிநாட்டிலிருந்து வரும் பூச்சிகளைச் சோதிக்கும் அடைப்புக் கூடமும் அங்கே இருக்கிறது. வகுப்பில் படித்ததை மதியம் போய்ப் பார்க்கலாம். ஒரு வார இறுதியில் மலைச்சரிவில் பைன் கன்று பிடுங்கக் கூட்டிப்போனார்கள். காற்றில் பறந்த விதை, தோட்டத்தைத் தாண்டிப் புல்வெளி முழுக்க முளைத்துக் கிடந்தது. பிடுங்கும்போது எனக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம். வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டு, நாற்பது வருடத்தில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தவர்கள் நாம். அங்கே கன்றாக இருக்கும்போதே பிடுங்க ஊர் கூடுகிறது.

அந்த நாட்டில் என்னை அசத்தியது நெல்சன் நகரத்து வண்ணத்துப்பூச்சிக் கதை. முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடிகளைத் தின்னும் ஐரோப்பியப் பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி 2010இல் அங்கே தென்பட்டது. அந்த நாட்டுக்கே உரிய அரிய கீரை வகைகள் அழிந்துவிடும் என்று பயந்து, 2012இலிருந்து வீடு வீடாகத் தேடினார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தேடல்கள்! 2013இல் பள்ளி விடுமுறையில், ஒரு வண்ணத்துப்பூச்சி பிடித்துக் கொடுத்தால் 10 டாலர் என்று பிள்ளைகளிடம் அறிவித்தார்கள். பிள்ளைகள் நூற்றுக்கும் மேல் பிடித்தார்கள். கடைசியாக அது தென்பட்டது 2014இல். ஆனாலும் உடனே வெற்றி என்று சொல்லிவிடவில்லை. இன்னும் இரண்டு வருடம் தேடிப் பார்த்து, 2016இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்த இனத்தை எங்கும் முழுசாக ஒழித்தது உலகில் அதுவே முதல் முறை.

ஒரு ஒழிப்பு வேலை முதலிலிருந்து முடிவு வரை எப்படி நடக்கிறது என்பதை இந்தியாவில் பார்ப்பது அபூர்வம். அங்கே போவதற்கு இதுதான் வலுவான காரணம்.

9 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதற்கு எதிர்ப்பக்கமும் சொல்லியாகணும். அது சுற்றிலும் கடல் சூழ்ந்த நாடு. 1993இலேயே உயிரிப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் போட்ட நாடு. விமான நிலையத்தில் பையில் மறந்து கிடந்த ஒரு ஆப்பிளுக்கு அபராதம் 400 டாலர். நமக்கோ நிலவெல்லை, நாட்டுக்குள் மாநிலம் மாநிலமாகப் போகும் லாரி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகும் நாற்று. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் ஆப்பிரிக்காவில் தெரிந்தது, 2018இல் கர்நாடகத்தில், அதே வருடம் நம் மக்காச்சோளத்தில். அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கும். அதை எந்த விமான நிலையத்தில் நிறுத்துவது? அங்கே கற்றதில் எல்லைக் காவல் பகுதி எனக்கு இங்கே அதிகம் பயன்படவில்லை. அபாயத்தைக் கணக்கிடும் முறையும், கண்காணிப்புப் பொறிகளை எங்கே எத்தனை வைப்பது என்ற கணக்கும் தினமும் பயன்படுகின்றன.

10 ஜூன்

வகைப்பாட்டியல். இதைச் சொல்லாமல் இழை முடியக் கூடாது.

எந்த ஊரில் என்ன படித்தாலும், ஒரு பூச்சிக் குடும்பத்தையாவது நுண்ணோக்கியில் பெயர் சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி என்றால், உடலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து உள்ளே இருப்பதை எடுத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்து, விளிம்பில் இருக்கும் முட்களையும் துளைகளையும் எண்ணணும். கழுத்து வலிக்கும், கண் எரியும். வகுப்பில் பாதிப் பேர் மூலக்கூறு ஆய்வகத்துக்கு ஓடிவிடுவார்கள். டிஎன்ஏ பார்த்தால் போதாதா என்பார்கள். டிஎன்ஏ நிச்சயம் வேண்டும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் தொகுப்பில் சரியான பெயரோடு ஒரு மாதிரி இருந்தால்தான் அது உதவும். அந்தப் பெயரை வைத்தவர் நுண்ணோக்கியில் குனிந்து உட்கார்ந்தவர்தான்.

வயலில் நின்றே பார்க்கச் சில வழிகளும் உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் நிறம், சாராயத்தில் போட்டால் நீலம் கலந்த கறுப்பாகும். மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பு. இரண்டும் உங்கள் காட்டில் ஒரே செடியில் இருக்கலாம். கடையில் இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பார்கள். ஆனால் ஒன்றின் ஒட்டுண்ணி மற்றதைத் தொடாது. கள்ளி விஷயத்தில் சொன்னேனே, அதேதான் இதுவும்.

12 ஜூன்

மரவள்ளிக்காரிக்கு, உங்கள் காட்டைப் பற்றி.

உங்கள் அப்பா பார்த்தது பெரும்பாலும் ஃபினாகாக்கஸ் மனிஹாட்டியாக இருக்கும். நுனிக் குருத்து சுருண்டு, கணு நெருங்கி, கொத்தாக நின்றதா? அப்படியானால் அதுதான். தென் அமெரிக்காப் பூச்சி. 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் போய், மரவள்ளியே சோறாக இருந்த நாடுகளைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோனது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தலைமையில் தேடி, பராகுவேயில் 1981இல் அதன் ஒட்டுண்ணி அனாகைரஸ் லோபெசியைக் கண்டார்கள். விமானத்திலிருந்துகூட அதை விட்டார்கள். 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் 2020இல் திருச்சூரில் முதலில் பார்த்தார்கள். அங்கிருந்து சேலம், நாமக்கல், தர்மபுரி. இந்தப் பூச்சியில் ஆண் கிடையாது. பெண்ணே பெண்ணைப் பெற்றுப் பெருகும். அதனால் ஒரு கரணையில் (நடும் தண்டுத் துண்டில்) ஒரே ஒரு குஞ்சு ஒட்டி வந்தால் போதும், காடு முழுக்க ஆகிவிடும். நம் ஆட்கள் விதைக் கரணையை ஊர்விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் லாரியில் ஏற்றுகிறார்கள். பூச்சி வந்த பாதையே அது. கரணை நறுக்குமுன் கட்டைப் பரிசோதிப்பதும், மருந்துக் கரைசலில் நனைத்து நடுவதும், காய்ந்த நுனிகளை எரிப்பதும் எளிய வேலைகள். பெரும்பாலான இடங்களில் அதுகூட நடக்கவில்லை, எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து அதே லோபெசியைக் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் குளவியை வயலில் விட்டு, விவசாயிகள் கையிலும் கொடுத்தார்கள். ராசிபுரத்திலிருந்து ஏத்தாப்பூர் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் போய்விட்டு மாலைக்குள் திரும்பலாம். 40 வருட உலகக் கதை ஒன்று உங்கள் வீட்டுப் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது. எந்த மண்ணில், எந்த வெயிலில், எந்த ரகத்தில் குளவி நன்றாக நிலைகொள்கிறது, எங்கே மருந்தடித்ததால் செத்தது, மழைக்காலத்தில் என்ன ஆகிறது என்று சேலத்துக் காடுகளில் தேடிப் பார்க்க எத்தனையோ இருக்கின்றன. எம்.எஸ்சி. ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

13 ஜூன்

"அப்படியானால் போக வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அதுவும் இரவு ஒரு மணிக்கு. தூங்குங்கள்.

3ஆம் தேதி நான் இரண்டுக்கும் நடுவில் நின்று பதில் சொன்னேன். இத்தனை பேர் கேட்டதைப் படித்த பிறகு எனக்கே தெளிவாகியிருக்கிறது. இப்போது கடன் வாங்கிப் போக வேண்டாம். இங்கே பூச்சியியல் எடுங்கள், மரவள்ளி மாவுப்பூச்சியில் ஆய்வு செய்யுங்கள். அதை வைத்துக்கொண்டு பிஎச்.டி.க்கு அங்கே விண்ணப்பியுங்கள். நியூசிலாந்தில் முதுகலைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் மிக அதிகம். ஆனால் பிஎச்.டி.க்கு வெளிநாட்டவருக்கும் உள்நாட்டுக் கட்டணம்தான். உதவித்தொகை வாய்ப்பும் அங்கேதான் அதிகம். பல பேருக்கு இது தெரிவதில்லை, ஏஜென்டுகளும் சொல்வதில்லை. நான் போன ஏஜென்ட் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. அவருக்குக் கமிஷன் முதுகலையில்தான். அந்தக் கடனைக் கட்டி முடிக்கும் வரை, பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எனக்கு இல்லை. உங்களுக்கு அது வரக் கூடாது.

15 ஜூன்

வேலை பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

நம் சட்டம் 1914இல் போட்ட அழிக்கும் பூச்சிகள் சட்டம். அதன் கீழ் 2003இல் வந்த பிளான்ட் குவாரன்டைன் ஆணைதான் இறக்குமதிக்கு இன்று வழிகாட்டி. 2013இல் வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா ஒன்று மக்களவையில் வந்து, நிறைவேறாமலே காலாவதியானது. அது நிறைவேறியிருந்தால் இந்தப் படிப்புக்கு இங்கே வேறு மதிப்பு இருந்திருக்கும்.

அரசு வேலை தவிரவும் இடம் இருக்கிறது. ஏற்றுமதி செய்பவர்களுக்குப் பூச்சி அபாய ஆய்வும் புகையூட்டலும் தெரிந்த ஆள் வேண்டும். கிடங்கில் மரப் பலகைத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் கோதுமைக் கதிர் முத்திரையும் ஹெச்.டி. என்ற எழுத்தும் இருக்கும். கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாகியிருக்கிறது, உள்ளே மரம் துளைக்கும் பூச்சி உயிரோடு இல்லை என்று அதற்கு அர்த்தம். இதற்கெல்லாம் உலக விதி இருக்கிறது, விதி தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் இதில் பயிற்சிகள் நடத்துகிறது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே ஒரு பயிற்சி எடுத்தால், வெளிநாட்டுப் படிப்பின் ஒரு பகுதி உங்களுக்குக் கையில் வந்துவிடும்.

16 ஜூன்

வழிகாட்டிப் பேராசிரியரிடம் என்ன கேட்க வேண்டும் என்ற கடைசிக் கேள்விக்கு.

அவருடைய மாணவர்கள் வாரத்தில் எத்தனை நாள் வயலில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் பெயர்ச்சீட்டு, தேதி, ஊர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா பாருங்கள். புள்ளியியலுக்கு ஆர் மென்பொருள் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் நீங்களே கற்றுக்கொள்ளலாம், அது இலவசம். வெளிநாட்டு விண்ணப்பத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஏத்தாப்பூர் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள். உங்கள் காட்டு நுனிக் கொத்து இரண்டை ஒரு காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து ஒட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்து எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். வழியில் எங்கும் பையைத் திறக்காதீர்கள்.